கடை போட ஆசை, கால்தான் நகரவில்லை: 43 வயதில் வேலையை விடலாமா?

இடியாப்பத்தட்டு (யீஷூன்), ஜனவரி 2, இரவு 11.20

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 43 வயது. இங்கே சிங்கப்பூரில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வேலை மோசமில்லை, மேலதிகாரியும் நல்ல மாதிரிதான். அது போக வீட்டிலிருந்தே இடியாப்பம், புட்டு, சொதி ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். எங்கள் புளோக்கில் ஆரம்பித்தது, அப்புறம் பையனின் பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு, இப்போது யார் எவரென்றே தெரியாதவர்கள் எல்லாம் கூப்பிடுகிறார்கள். "கடை போடுங்கக்கா" என்று சொல்லாத ஆளில்லை.

போன ஜனவரியிலும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். உணவங்காடி டெண்டர் பட்டியலைத் திறப்பேன், கடை எண், எத்தனை சதுர மீட்டர், எல்லாம் படிப்பேன், மூடிவிடுவேன். உடனே உள்ளே ஒரு குரல் வரும். "நாலு பேர் நல்லாயிருக்குன்னு சொன்னா கடை போட்டுடலாமா, உனக்கு என்ன தெரியும்?" அந்தக் குரல் அச்சு அசல் எங்கள் அப்பா குரல். அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது, குரல் மட்டும் போகமாட்டேன் என்கிறது.

வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறார். "நீ என்ன முடிவெடுத்தாலும் எனக்குச் சரி" என்கிறார். அது தைரியம் சொல்வதா, கை கழுவுவதா என்று இன்னும் புரியவில்லை. பையன் உயர்நிலை மூன்று.

வேலையை விட்டுத் தொழிலில் இறங்கியவர்கள் யாராவது சொல்லுங்கள். பயம் போன பிறகு இறங்கினீர்களா, பயத்தோடுதான் இறங்கினீர்களா?

உட்லண்ட்ஸ்மச்சான், ஜனவரி 2, இரவு 11.41

அக்கா, யோசிக்காதீங்க, இறங்குங்க! துணிந்தவனுக்குத் துக்கமில்லை. உங்க இடியாப்பத்தை நான் சாப்பிட்டதில்லை, ஆனா தெரியாத ஆளே தேடி வந்து வாங்குறான்னா அதுக்கு மேல என்ன சான்றிதழ் வேணும்? போனஸ் கைக்கு வந்ததும் கடிதத்தைக் கொடுத்துட்டு வாங்க. முதல் நாள் வரிசையில முதல் ஆளு நான்தான்.

தைபிறக்கட்டும், ஜனவரி 3, காலை 7.05

மச்சான், இப்போது மார்கழி நடக்கிறது, மார்கழியில் யாராவது புதுசாக எதையாவது ஆரம்பிப்பார்களா? தை பிறக்கட்டும். தை பிறந்தால் தைப்பூசம் முடியட்டும். அது முடிந்தால் சீனப் புத்தாண்டு, எல்லாக் கடையும் அடைப்பு, போனஸும் வரவேண்டும். அப்புறம் சித்திரையில் ஆரம்பித்தால் நல்லது என்பார் மாமியார். ஜூன் வந்தால் பள்ளி விடுமுறை. ஆடியில் ஒன்றும் கூடாது. தீபாவளிக்கு ஆர்டர் குவிந்துவிடும். அப்படியே டிசம்பர். நானும் பல வருடமாக இப்படித்தான் ஒரு தையல் வகுப்பு தொடங்கப் போகிறேன். :)

மூடியகடை, ஜனவரி 3, மதியம் 2.30

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஒரு உணவங்காடி நிலையத்தில் தோசைக் கடை வைத்திருந்தவன். மூன்று வருட ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. நட்டத்தில் மூடவில்லை, சாப்பாடு சரியில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. வலது தோள்பட்டை போய்விட்டது, ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

தங்கச்சிக்கு யாரும் சொல்லாத சில விஷயங்களைச் சொல்கிறேன். காலை 6 மணிக்குக் கதவு திறக்க வேண்டுமென்றால் 4 மணிக்கு அடுப்பு எரிய வேண்டும், அதாவது 3 மணிக்கு எழுந்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் எம்ஆர்டி ரயிலும் கிடையாது, பேருந்தும் கிடையாது. ஏழரையிலிருந்து ஒன்பது வரை நிமிர்ந்து பார்க்க நேரமிருக்காது. பத்தரைக்கு ஈ ஓட்டுவீர்கள். அந்தப் பத்தரை மணிதான் ஆபத்து, அப்போதுதான் உங்கள் அப்பா வந்து பக்கத்தில் உட்காருவார். காலாண்டுக்கு ஒருமுறை பெரிய துப்புரவு என்று நிலையத்தை மூடுவார்கள். பழுதுபார்ப்பு என்று ஆரம்பித்தால் மாதக்கணக்கில்கூடப் போகும். மழை பெய்தால் ஒரு கணக்கு, பள்ளி விடுமுறை என்றால் வேறு கணக்கு.

இன்னொன்று. உணவங்காடிகளை நிர்வகிக்கும் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் கடையை நீங்களே நின்று நடத்த வேண்டும். பெயரை மட்டும் போட்டுவிட்டு, ஆள் வைத்து ஓட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் அலுவலக வேலையையும் பார்ப்பது நடக்காது. ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைக்க வழியில்லை. அதனால்தான் சேற்றில் கால் வைக்கும் முன்பே ஆழம் பார்த்துவிட வேண்டும் என்கிறேன். மச்சான் வரிசையில் முதல் ஆளாக நிற்பார், சரி. ஐம்பதாவது ஆள் வருவானா என்பதுதான் வாடகையைக் கட்டும்.

உதவியாள் விஷயத்தில் மட்டும் இப்போது நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 2025 ஜனவரி முதல் நீண்டகால வருகை அனுமதி வைத்திருப்பவர்களை, அதாவது இங்குள்ளவர்களின் வெளிநாட்டு மனைவி, கணவர் போன்றவர்களை, கடை உதவியாளராக வைத்துக்கொள்ளலாம். என் காலத்தில் அது இல்லை.

உட்லண்ட்ஸ்மச்சான், ஜனவரி 3, மதியம் 2.52

அண்ணே, ஒரு மனுஷி ஆசையோட வந்து கேட்குறா, இப்படிப் பயமுறுத்தலாமா?

மூடியகடை, ஜனவரி 3, மாலை 3.10

பயமுறுத்தவில்லை தம்பி. 3 மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று முன்னாலேயே தெரிந்தால் அது வெறும் வேலை. கடை எடுத்த பிறகு தெரிந்தால்தான் பயம்.

ரசீதுக்காரி (செங்காங்), ஜனவரி 3, இரவு 9.15

நானும் கணக்குத் துறைதான், அதனால் ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக் கடன் தவணை எங்கிருந்து போகிறது? மசே நிதி (மத்திய சேம நிதி) சாதாரணக் கணக்கிலிருந்துதானே?

ஏன் கேட்கிறேன் என்றால், பாதிப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். இப்போது உங்கள் பங்கு 20 விழுக்காடு, முதலாளி பங்கு 17 விழுக்காடு. உங்கள் வயதில் சம்பளத்தில் 21 விழுக்காட்டுக்குச் சமமான தொகை சாதாரணக் கணக்குக்குப் போகிறது. சம்பளம் 4,500 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் மாதம் 945 வெள்ளி. கடை போட்டால் நீங்கள் சுயதொழில் செய்பவர். ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மசே நிதியின் மருத்துவக் கணக்கான மெடிசேவுக்குக் கட்ட வேண்டும், மற்றபடி மசே நிதி கட்டாயமில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தவணை மட்டும் மாதா மாதம் வந்து நிற்கும். சாதாரணக் கணக்கில் இருப்பு கரைந்ததும் ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். ஆக, சம்பளம் போவது ஒரு இழப்பு, கண்ணுக்குத் தெரியாத இந்த 945 இன்னொரு இழப்பு.

இனி கடைக் கணக்கு. நானாகப் போட்ட எண்கள், உங்கள் எண்களை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு தட்டு மூன்று இடியாப்பம், 4 வெள்ளி. மாவு, தேங்காய், சொதி, பொட்டலம் எல்லாம் சேர்த்து 1 வெள்ளி 40 காசு என்றால் கையில் நிற்பது 2.60. வாடகை, மேசை துடைக்கும் கட்டணம், தட்டு கழுவும் கட்டணம், மின்சாரம், எரிவாயு எல்லாம் மாதம் 3,000 என்று வைப்போம். நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது 3,500. மொத்தம் 6,500. அதை 2.60ஆல் வகுத்தால் 2,500 தட்டு. மாதம் 26 நாள் கடை திறந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 96 தட்டு, அதாவது 288 இடியாப்பம், அதுவும் காலை பத்தரைக்குள்.

"என்னால் முடியுமா" என்று மொட்டையாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. காலை பத்தரைக்குள் 288 பிழிய முடியுமா என்றால் அதற்குப் பதில் உண்டு. முடியும், இல்லை முடியாது.

பாடம்நடத்துபவர், ஜனவரி 3, இரவு 10.40

ரசீதுக்காரி சொன்னதற்கு உளவியலில் ஒரு ஆதாரம் இருக்கிறது. (தொழில் புத்தி, மன்னிக்கவும்.) ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதிய ஒரு கட்டுரையில், "இதை என்னால் செய்ய முடியும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று நான்கு வழிகளைச் சொல்கிறார். தானே செய்து பார்த்தது, நம்மைப் போன்றவர்கள் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல்லும் ஊக்கம், உடலின் படபடப்பை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. நான்கில் வலுவானது முதலாவது. நம் மச்சான் கொடுப்பது மூன்றாவது வகை, அது சீக்கிரம் வடிந்துவிடும். மச்சான் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இழப்பு பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கானமனும் துவர்ஸ்கியும் 1979இல் எழுதியது: ஒரே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு நட்டம் தரும் வலி பெரிது. அதனால் உங்கள் மனசு கடையை எடை போடும்போது தராசு முதலிலேயே ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். உங்களுக்கு மட்டும் இப்படி இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான்.

உட்லண்ட்ஸ்மச்சான், ஜனவரி 3, இரவு 10.58

கோபமெல்லாம் இல்ல சார். ஆனா எங்க தாத்தா தஞ்சாவூர்ல இருந்து கப்பல் ஏறினப்ப பண்டூராவைப் படிச்சிட்டா ஏறினாரு?

பாடம்நடத்துபவர், ஜனவரி 3, இரவு 11.04

படிக்கவில்லைதான். ஆனால் அவருக்கு முன்னால் ஊரிலிருந்து யார் யார் வந்து பிழைத்தார்கள் என்று தெரிந்துதான் ஏறியிருப்பார். அது இரண்டாவது வகை. :)

சிராங்கூன்சாலைக்காரி, ஜனவரி 4, காலை 10.20

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். கணக்குப் போடுங்கள், சரி. ஆனால் கணக்கே ஒளிந்துகொள்ள நல்ல இடமாகிவிடும், அதுவும் கணக்குப் படித்தவர்களுக்கு.

நான் அலுவலக நிர்வாக வேலையிலிருந்து பாலர் பள்ளித் தமிழ் ஆசிரியையாக மாறியவள். சேமிப்பு இருந்தது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. எக்செல் தாளில் எல்லாக் கட்டமும் பச்சை. ஆனாலும் நகரவில்லை. ஒரு கட்டம் பச்சையானதும் இன்னொரு கட்டம் சேர்ப்பேன், அது பச்சையானால் மறுபடி ஒன்று. உண்மையில் எனக்கிருந்த பயம் பணமே இல்லை. இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து, அவர்களுக்கு முன்னால் பாடம் நடத்திக் காட்டும்போது தடுமாறினால் என்ன ஆவது? கூச்சம், அவ்வளவுதான். அதற்கு எக்செல்லில் கட்டம் கிடையாது.

தடுமாறத்தான் செய்தேன். முதல் பயிற்சி வகுப்பில் நான்கு வயதுப் பையன் ஒருவன் "டீச்சர், உங்க கை ஏன் ஆடுது?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான். சிரித்துவிட்டேன், பிள்ளைகளும் சிரித்தார்கள், வகுப்பு நடந்தது. சந்தேகம் போய்விட்டதா என்றால் போகவில்லை. இன்றைக்கும் பெற்றோர் சந்திப்புக்கு முந்தின நாள் வயிற்றைக் கலக்கும்.

ஆகவே இடியாப்பத்தட்டு, உங்களுக்கு எது பயம் என்று முதலில் பாருங்கள். பணமா, உடம்பா, இல்லை மூடினால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதா? மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

எஸ்பாஸ்தம்பி, ஜனவரி 4, இரவு 8.45

அக்கா அண்ணன்மார்களே, நடுவில் வருகிறேன். நான் எஸ் பாஸ் என்கிற வெளிநாட்டு ஊழியர் வேலை அனுமதியில் இருக்கிறேன், இங்கே ஒரு இயந்திரப் பட்டறையில் வேலை. புத்தாண்டு வந்தாலே "துணிந்து முடிவெடு, பிடிக்காத வேலையை விடு" என்று காணொளிகளாக வந்து குவிகிறது. நான் வேலையை விட்டால் அனுமதி ரத்தாகிவிடும், வழக்கமாக 30 நாள் இருந்துவிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். வீட்டிலிருந்து சமைத்து விற்கவும் எங்களுக்கு அனுமதி இல்லை. ஊரில் தங்கை கல்யாணக் கடன் வேறு. நான் துணியாமல் இருப்பது கோழைத்தனமா?

மூடியகடை, ஜனவரி 4, இரவு 9.02

இல்லை தம்பி. விழுந்தால் தாங்க வீடும் குடும்பமும் இங்கேயே உள்ளவன் குதிப்பது வேறு, உன் நிலைமை வேறு. காணொளி போடுகிறவன் உன் கடனைக் கட்டப் போவதில்லை.

ரசீதுக்காரி, ஜனவரி 4, இரவு 9.30

தம்பி, வேலையை விடாமலே எடுக்கக்கூடிய முடிவுகளைப் பாருங்கள். மாலை நேர வகுப்பு, பகுதிநேரப் பட்டயம், இப்போதைய பட்டறையிலேயே அடுத்த பொறுப்பைக் கேட்டு வாங்குவது. மேலதிகாரியிடம் வாய் திறந்து கேட்பதற்கும் துணிச்சல் வேண்டும், அதற்கு விமான டிக்கெட் செலவில்லை.

எஸ்பாஸ்தம்பி, ஜனவரி 4, இரவு 9.48

கேட்க வேண்டும் என்று நினைப்பதோடு சரி. என் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரித்துவிடுவாரோ என்று... சரி அக்கா, இந்த மாதம் கேட்டுவிடுகிறேன்.

இடியாப்பத்தட்டு, ஜனவரி 5, இரவு 11.50

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருந்தேன், பதில் எழுத வரவில்லை.

ரசீதுக்காரி, மாதா மாதம் நானேதான் மற்றவர்களுக்கு மசே நிதிக் கணக்குப் போட்டு அனுப்புகிறேன், என் வீட்டுத் தவணையை அதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பார்த்தோம். அவருடைய கணக்கிலிருந்து முழுத் தவணையையும் எடுக்கலாம், ஆனால் கொஞ்ச காலத்துக்குத்தான். அப்போதுதான் அவர் வாய் திறந்தார். நான் பயப்படுவதைப் பார்த்து அவருக்கும் பயமாம், அதைச் சொன்னால் நான் ஆசையை விட்டுவிடுவேன் என்றுதான் "உன் இஷ்டம்" என்றே சொல்லி வந்தாராம். இத்தனை நாள் ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை இடியாப்பத்தைச் சோதித்துப் பார்த்தேன். 288 இல்லை, அதில் பாதி. என்னிடம் இருப்பது கையால் அழுத்தும் மர உரல். வீட்டு ஆர்டருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாவு கிளறுவேன், சூடு இருக்கும்போதே பிழிந்துவிடுவேன். மொத்தமாகக் கிளறினால் பாதி பிழிவதற்குள் மாவு ஆறி இறுகிவிடுகிறது, அதற்கு மேல் உரல் இறங்கவே மாட்டேன் என்கிறது, இழையெல்லாம் அறுந்து அறுந்து விழுகிறது. கடைசித் தட்டுகள் பார்க்கவே சகிக்கவில்லை. உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். ஆனால் ஒன்று கவனித்தேன், பிழிந்து முடிக்கும்வரை அப்பா குரல் வரவே இல்லை. மாவு ஏன் இறுகுகிறது என்பதிலேயே புத்தி இருந்தது.

சிராங்கூன்சாலைக்காரி கேட்டதற்குப் பதில்: சொந்தக்காரர்கள்தான். நட்டம் வந்தால்கூட சமாளித்துவிடுவேன், அண்ணி "நான் அப்பவே சொன்னேன்" என்பதைத் தாங்க மாட்டேன்.

சிராங்கூன்சாலைக்காரி, ஜனவரி 6, காலை 7.30

அண்ணி கடை போட்டாலும் சொல்லுவார், போடாவிட்டாலும் "பேசுவா, செய்யமாட்டா" என்று சொல்லுவார். அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மூடியகடை, ஜனவரி 6, காலை 10.15

மாவை மொத்தமாகக் கிளறாதே. கடையில் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை சின்னச் சின்னதாகக் கிளற வேண்டும், மூடி போட்ட பாத்திரத்தில், மேலே ஈரத்துணி. மர உரலைப் பூசை அறையில் வைத்துவிட்டுத் திருகும் வகை அச்சு வாங்கு, இல்லாவிட்டால் உனக்கும் என் தோள்பட்டைதான்.

டெண்டருக்கு இப்போதே ஓடாதே. ஏலத்தில் சிலருக்கு வெறி பிடித்துவிடும். 2024இல் மரீன் பரேடில் ஒரு கடைக்கு மாதம் 10,000 வெள்ளிக்கு மேல் கேட்டார்கள், செய்தியில் வந்தது. இத்தனைக்கும் அப்போது மானியம் இல்லாத சமைத்த உணவுக் கடைகளின் இடைநிலை வாடகை சுமார் 1,250 வெள்ளிதான். புது ஆட்களுக்கென்றே வாரியமும் திறன் பயிற்சிக்கான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் அமைப்பும் 2020இல் ஒரு பயிற்சித் திட்டம் கொண்டுவந்தார்கள். முதலில் வகுப்பு, பிறகு அனுபவமுள்ள கடைக்காரர் ஒருவரிடம் தொழில் பழகுவது, அதற்குப் பிறகு அடிப்படைச் சாதனங்களோடு பயிற்சிக் கடை, 15 மாதம்வரை, முதல் ஒன்பது மாதம் பாதி வாடகை. எல்லோருக்கும் கிடைக்கும் என்று சொல்லவில்லை, எழுதிப் போட வேண்டும், தேர்வு இருக்கிறது. ஆனால் மூடினாலும் வீடு தாங்கும். நான் தொடங்கிய காலத்தில் இது இருந்திருந்தால் இதில்தான் நுழைந்திருப்பேன்.

உட்லண்ட்ஸ்மச்சான், ஜனவரி 6, மதியம் 12.40

அண்ணே, முதல் நாளே இதைச் சொல்லியிருந்தா நான் இவ்வளவு சண்டை போட்டிருக்க மாட்டேன்ல.

இடியாப்பத்தட்டு, ஜனவரி 6, இரவு 10.30

அந்தத் திட்டத்தைப் பற்றித் தெரியவே தெரியாது அண்ணே. இன்று மதிய உணவு இடைவேளையில் விவரம் படித்தேன், விண்ணப்பிக்கப் போகிறேன். வேலையை இப்போது விடவில்லை. பயிற்சிக்காகச் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று மேலதிகாரியிடம் கேட்க வெள்ளிக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். கிடைக்காது என்றால் விடுவதா வேண்டாமா என்று வீட்டில் பேசி ஒரு தேதியும் குறித்துவிட்டோம். பயம் அப்படியேதான் இருக்கிறது, கை வலி வேறு.

அண்ணே, ஒரு உதவி. உங்கள் மைத்துனர் கடையில் சனிக்கிழமைகளில் நிற்பீர்கள் என்று வேறொரு இழையில் எழுதியிருந்தீர்கள். ஒரு காலை வந்து கூட நிற்கலாமா?

மூடியகடை, ஜனவரி 6, இரவு 10.52

தாராளமாக. ஆனால் உணவுப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்கிறாயா? ஒரு நாள் வகுப்புதான், முதல் நிலை. அது இல்லாமல் எங்கள் கடையில் சாப்பாட்டில் கை வைக்க விடமாட்டேன், வெறுமனே நின்று பார்க்கலாம். முடித்ததும் செய்தி போடு. மூடிய காலணி, தலைக்குத் துணி, நாலு மணி. நாலே கால் இல்லை.

எஸ்பாஸ்தம்பி, ஜனவரி 9, இரவு 9.10

ரசீதுக்காரி அக்கா, இன்று கேட்டுவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். சிரிக்கவில்லை.